பிள்ளையிடம் சொல்லி அனுப்புவது

எங்கள் வீட்டுப் பின்புற இரும்புக் கதவுக்கு எண்ணெய் போடுவது எப்போதும் நான்தான், தம்பி. மழைக்காலம் வந்தால் கொண்டி இறுகிவிடும். என் மகன் திவாகரனுக்கு அதெல்லாம் கண்ணில் படாது. சுங்கைப் பட்டாணி தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வந்தால் தூக்கம், எழுந்தால் வேலை. வீடு என்றால் யாராவது ஒருவர் இதையெல்லாம் கவனித்தாக வேண்டும்.

நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் பழனியாண்டி. ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் தண்டலாக இருந்தவன். பால்வெட்டுக்காரர்கள் என் குரலைக் கேட்டால் பீடியை அணைப்பார்கள். தோட்டம் மூடிப்போன பிறகு பீடோங்கில் தாமான் வீடு, வரிசை வீட்டுக் குடியிருப்பு; அங்கே கோயிலுக்குத் தலைவர். இத்தனை காலத்தில் என்னைப் பொய்யன் என்று ஒருவரும் சொன்னதில்லை. நேற்றுத் திதிக்கு வந்தவர்கள் ஏதேதோ பேசியிருப்பார்கள். அதனால்தான் நானே போலீஸ் நிலையத்துக்கு நடந்து வந்தேன். யாரும் என்னை இழுத்துவரவில்லை என்பதை முதலில் எழுதுங்கள்.

என் மருமகள் யோகேஸ்வரி நாவல் எழுதுகிறவள். காதல் நாவல். கோலா கெத்தில் ஊர்ப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில், கூடத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போது நேரே வந்து நின்று, "மாமா, காப்பி போடட்டுமா?" என்று கேட்டாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். என் மனைவி என் அப்பாவின் எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பியதுகூட இல்லை. அன்று மாலையே மகனிடம் சொல்லிவிட்டேன்: இந்த வீட்டில் மருமகள் மாமனாரிடம் நேருக்கு நேர் பேசுவது வழக்கமில்லை. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "என்னப்பா, இது எந்தக் காலம்லா" என்றான். அவள்தான் ஒத்துக்கொண்டாள். சண்டை போடாமல் ஒத்துக்கொண்டாள். அதற்காக அவளை நான் மதித்தேன் என்றே சொல்ல வேண்டும்.

முதலில் எல்லாம் திவாகரன் வழியாக வரும். பேத்தி ரூபினிக்குப் பேச்சு வந்த பிறகு அவள் வழியாக வந்தது. அடுப்படியில் நின்றபடி அவள் அம்மா சொல்வது எனக்கு அப்படியே கேட்கும். ஆனால் பிள்ளை ஓடிவந்து சொல்லும்வரை நான் அசையமாட்டேன். ரூபினி மூச்சு வாங்க வந்து நிற்பாள். "தாத்தா, சாப்பாடு ரெடியாம். கருவாடு இருக்காம். நான் முன்னாடியே ரெண்டு தின்னுட்டேன்னு உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்." சொன்னதையும் சொல்லுவாள், சொல்லக் கூடாததையும் சொல்லுவாள். ஆனால் ஒரு வார்த்தையை விட்டுவிட மாட்டாள். அந்த விஷயத்தில் அவள் என்னைப்போல.

யோகேஸ்வரி நாவல் எழுதிய விதத்தைச் சொல்கிறேன். மேசை போட்டு உட்கார்ந்து எழுதுவதில்லை. இடுப்பில் கைக்குழந்தையான என் பேரன், ஒரு கையில் கரண்டி. கைபேசியிடம் பேசுவாள், அது எழுதிக்கொள்ளும். என் மனைவியின் படம் மாட்டிய சுவருக்கு எதிரில் நின்று, "அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது" என்று சொல்லுவாள். ஒருநாள் "அவன் அவளை நெருங்கினான், ரூபி மூக்கைத் தோண்டாதே" என்று கைபேசி எழுதிவிட்டதாம். அதைப் புருஷனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு பிள்ளைகளின் சத்தம் இதில் ஏறக் கூடாது என்று, வாசலில் நிற்கும் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். சாயங்காலம் பையனைத் தொட்டிலில் தூங்கப் போட்டுவிட்டு, "ரூபி, அம்மா எழுதப் போறேன், தாத்தாவைப் பாத்துக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போவாள். பிள்ளை வந்து சொல்லும். நான் "ம்" என்பேன். பார்த்துக்கொள்ளவும் செய்தேன். இல்லை என்று சொல்லமாட்டேன். தொட்டிலை ஆட்டியிருக்கிறேன். ரூபினிக்கு மூக்குச் சளி துடைத்திருக்கிறேன்.

அவள் எதை எழுதினாலும் என் காதுக்கு வராதவரை பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவள் புத்தகம் போட்டாள்.

கோயில் கூட்டத்துக்குப் பொருளாளர் இருளப்பன் அதைக் கொண்டுவந்தார். அட்டையில் ஒருவன் ஒருத்தியின் இடுப்பைப் பிடித்திருக்கிறான். முதல் பக்கத்தைத் திறந்து எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். 'நான் எழுதும் நேரமெல்லாம் என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் என் மாமனார் திரு. பழனியாண்டி அவர்களுக்கு.' அவள் என்னிடம் பேசியதில்லை அல்லவா. அதனால் நன்றியை அச்சடித்து ஊருக்கே சொல்லிவிட்டாள்.

இருளப்பன் புத்தகத்தை மூடினார். "தலைவர் இப்ப ஆயாக்கொட்டாய் நடத்துறாருலா. மருமக உள்ள காதல் பண்ணுது, இவரு வெளிய தொட்டில் ஆட்டுறாரு."

சிரித்தார்கள். உங்களுக்கு வயது குறைவு, ஆயாக்கொட்டகை தெரியாமல் இருக்கலாம். தோட்டத்தில் தாய்மார்கள் பால்வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகை. வெட்ட முடியாத கிழவிகளுக்குத் துரை கொடுக்கும் வேலை அது. தண்டல் அந்தப் பக்கம் போனால் கிழவிகள் எழுந்து நிற்பார்கள். என்னை அந்தக் கிழவிகளின் வரிசையில் உட்காரவைத்துவிட்டாள். அதுவும் ஒரு காதல் புத்தகத்துக்குள்.

மகனிடம் சொன்னேன். எழுதுவதை நிறுத்தச் சொல், அல்லது என் பெயரை எடுக்கச் சொல். அவன், "அவ நன்றிதானேப்பா சொல்லிருக்கா" என்றான். பிறகு ஒன்று சொன்னான். "உங்களால முடியலன்னா சொல்லுங்க. ஆள் வச்சுக்கிறோம்." என்னால் முடியவில்லை என்று. என் மகன். என் வீட்டில்.

அதற்குப் பிறகு நான் யோசித்தது இவ்வளவுதான். இவள் எப்படிப்பட்ட தாய் என்பதை எங்கள் வீட்டு வரிசையில் உள்ளவர்கள் ஒரே ஒருமுறை கண்ணால் பார்த்தால் போதும். பின் சந்துக்கு அப்பால் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய் ஓடுகிறது. பக்கத்து வீட்டு ஜேன் டீச்சர் தினமும் சாயங்காலம் பின்பக்கம் துணி எடுக்க வருவார். பிள்ளை தனியாகச் சந்தில் நிற்பதைப் பார்ப்பார். கையைப் பிடித்து முன்வாசலுக்குக் கூட்டிவருவார். அங்கே தாய்க்காரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கைபேசியோடு காதல் பேசிக்கொண்டிருப்பாள். டீச்சர் ஒருவரிடம் சொன்னால் தாமான் முழுக்கச் சொன்ன மாதிரி. பிறகு எழுத்தும் இருக்காது, புத்தகமும் இருக்காது. பிள்ளைக்கு ஒரு கீறலும் விழாது. இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அன்று மத்தியானம் நல்ல மழை. நின்ற பிறகு ரூபினி வந்தாள். "தாத்தா, அம்மா எழுதப் போறாங்களாம். நீங்க என்னைப் பாத்துக்கணுமாம். பாப்பா எந்திரிச்சா தொட்டில ஆட்டணுமாம். நான் பின்னாடி போகக் கூடாதாம், தண்ணி நிறையாம்."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எழுந்து போய்ப் பின்கதவின் கொண்டியை எடுத்தேன். எண்ணெய் போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை. "கால்வாய்ப் பக்கம் உடும்பு வந்திருக்கு" என்று சொன்னேன். அது பொய்யல்ல. தினமும் அந்த நேரத்துக்கு வரும். அவளுக்கு உடும்பு என்றால் உயிர். கதவிடம் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள். அம்மா போகக் கூடாதென்று சொன்னதை நினைத்திருப்பாள். நான் தலையை ஆட்டினேன். பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும் என்று நான் வளர்த்த பிள்ளை. போனாள்.

அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஜேன் டீச்சர் வரவில்லை. அன்று புதன்கிழமை. புதன்கிழமை சாயங்காலம் அவர் சுங்கைப் பட்டாணி தேவாலயத்துக்குப் போய்விடுவார். எனக்கு அது தெரியும், ஆனால் நினைவில்லை. நான் செய்த தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது அதுதான்.

பிள்ளை கரையில் குந்தி உட்கார்ந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மண் ஈரம். சறுக்கியது. அவ்வளவுதான் நடந்தது.

"தாத்தா" என்று கூப்பிட்டாள்.

மறுபடியும் கூப்பிட்டாள். அப்போதும் "தாத்தா" என்றுதான். அம்மாவைக் கூப்பிடவில்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பெற்றவள் வருவாள் என்ற நம்பிக்கை அந்தப் பிள்ளைக்கே இல்லை. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்.

கால்வாய்த் தண்ணீர் எனக்கு இடுப்பு வரைக்கும் வராது. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கதவிலிருந்து ஒரு குரல் தூரம்கூட இல்லை. ஆனால் நான் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும். ஈரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு வந்திருப்பேன். அவள் காரிலிருந்து இறங்கி வாங்கிக்கொண்டிருப்பாள். நல்லவேளை தாத்தா பார்த்துக்கொண்டார் என்று அடுத்த புத்தகத்திலும் போட்டிருப்பாள். நான் மறுபடியும் கொட்டகைக் கிழவிதான். பெற்றவள் எழுந்து வரட்டும் என்று நின்றேன். வருவதற்கு அவளுக்கு நேரம் கொடுத்தேன். சத்தம் நின்ற பிறகும் கொடுத்தேன்.

பிறகு கூடத்துக்கு வந்து நாளிதழை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவள் வந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது; அத்தியாயம் நன்றாக வந்திருக்கும் போல. அறைகளில் பார்த்தாள். "ரூபி" என்று கூப்பிட்டாள். குளியலறையில் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து நின்றாள். நின்றவள் என்னிடம் கேட்கவில்லை. வழக்கத்தை மீறவில்லை. தொட்டில் பக்கம் திரும்பி, பேச்சு வராத பையனிடம் கேட்டாள்.

"பாப்பா, அக்கா எங்கடா போனா? தாத்தா பாத்தாங்களான்னு கேளுடா."

 பையன் தூக்கத்தில் வாயைச் சப்பினான். நான் பக்கத்தைத் திருப்பினேன். என்னிடம் கேட்காத கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்வது.

பிறகு பின்கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள். அதற்கு மேல் நடந்தது உங்கள் நிலையத்துப் பதிவிலேயே இருக்கிறது.

அன்று வந்த அதிகாரி என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மருமகள் உங்களிடம் சொன்னாரா. அவர் என்னிடம் பேசியதே இல்லை என்றேன். அது உண்மை. தாமான் முழுக்கச் சாட்சி சொல்லும். அவளிடம் கேட்டபோது, "என் தப்புதான்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. மத்தியானம் துணி எடுத்தபோது கொண்டியைப் போட மறந்துவிட்டதாக அவளே நினைத்துக்கொண்டாள். மகளிடம் சொல்லி அனுப்பியதைக்கூடச் சொல்லவில்லை. பிள்ளை என்னிடம் சொல்ல மறந்து விளையாடப் போய்விட்டது என்று நினைத்திருக்கிறாள். செத்த பிள்ளைமேல் பழி போட மனம் வரவில்லை போலும். நீதிமன்றத்திலும் தலையைக் குனிந்தபடி கவனக்குறைவு என்ற குற்றத்தை ஒத்துக்கொண்டாள். திவாகரன் அவளைக் கோலா கெத்திலுக்கு அனுப்பிவிட்டான். பையன் எங்களோடு இருந்தான். அவள் அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை என்று கேள்வி. வீட்டில் ஒழுங்கு வந்தது. கூட்டத்தில் இருளப்பன் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்க ஆரம்பித்தார்.

நேற்று ரூபினிக்கு வருஷத் திதி. வரவேண்டாம் என்று சொல்லியும் அவள் வந்தாள். படையல் போட்டு முடிந்ததும், சொந்தபந்தமெல்லாம் பார்க்க, நேரே என் எதிரில் வந்து நின்றாள். முகத்துக்கு முகம். முந்தானையைக்கூட இழுத்துவிடவில்லை.

"மாமா. ரூபி அன்னிக்கு உங்ககிட்ட வந்து சொன்னாளா, இல்லையா? மறந்துட்டாளா என் பிள்ள? அது மட்டும் சொல்லுங்க."

இத்தனை நாளில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். சபையில் கேட்டுவிட்டாள். என் பேத்தி சொன்ன வேலையைச் செய்யாதவள் என்று ஊர் நினைப்பதற்கு நான் இடம் கொடுப்பேனா. "சொன்னாள்" என்றேன். "ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். கதவைத் திறந்தது நான்."

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, "சொன்னாளா, சொன்னாளா" என்று பிள்ளையின் படத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். திவாகரன் என்னைப் பார்த்தான். இதுவரை பார்க்காத ஆளைப் பார்ப்பதுபோல. கொஞ்ச நாளில் சரியாகிவிடுவான்.

எல்லாம் சொல்லிவிட்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டும், காட்டுங்கள். இரவுக்குள் அனுப்பிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். பின்கதவுக்குக் கொண்டி போடவில்லை.

வெளியே பெஞ்சில் அவள் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். உள்ளே வந்து என்னிடம் இன்னும் ஏதோ கேட்க வேண்டுமாம். வேண்டாம், தம்பி. நேற்று ஒருநாள் பொறுத்துக்கொண்டேன். பையனுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. கேட்க வேண்டியதை அவனிடம் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள்.