கோடு வராத இடம்

டீவி கேம் விளையாடுகிற கொன்ட்ரோலர் வாங்க வருகிறவர்கள் முதலில் ஒன்றுதான் வாங்குவார்கள். வீட்டில் ஒரு பிள்ளைதானே, ஒன்று போதும் என்பார்கள். கொஞ்ச நாளில் இரண்டாவதைக் கேட்டு அதே ஆள் வந்து நிற்பார். தனியாக விளையாட யாருக்கும் விருப்பமில்லை, ஐயா. பதுளை பஜாரில் கடை வைத்து நான் கற்றுக்கொண்டது அதைத்தான்.

கேம் மெஷினை விற்பது பெரிய கடைகள். அதோடு சேர்க்கிற சாமான்கள்தான் என்னுடைய வியாபாரம். கொன்ட்ரோலர், அதைச் சார்ஜ் போடுகிற ஸ்டாண்ட், கார் ஓட்டுகிற விளையாட்டுக்கு ஸ்டியரிங், பாட்டுப் போட்டிக்கு மைக், காலால் மிதித்து ஆடுகிற பாய். பிறந்தநாள் விருந்துகளுக்கு வீட்டுக்கே கொண்டுபோய்ப் பூட்டியும் கொடுப்பேன். பண்டாரவளையில் இருந்தும் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் என்னைச் சுற்றி நிற்பார்கள். எல்லாம் பூட்டி முடிந்து விளையாட்டுத் தொடங்கியதும், நான் அந்த அறையில் நிற்கிறேன் என்பதையே மறந்துபோவார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

ஹுமைதுடைய மரணத்தை நீங்கள் விசாரித்த அன்று என்னிடமும் கேட்டீர்கள். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. சிலதைச் சொல்லாமல் விட்டேன். இன்றைக்கு வந்தது அதற்காகத்தான்.

ஹுமைது என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். என் கடைக்குப் பக்கத்தில் பெயின்ற் கடை வைத்திருந்தான். குரல் பெரிசு, மனமும் பெரிசு. டவுனுக்கு மேலே, மலைச் சரிவில் அவன் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு நாங்கள் நாலைந்து குடும்பம் அங்கே கூடுவோம். அவன் மனைவி ஷம்ரா ரொட்டி சுடுவாள். மகள் ஸகீனா கொன்ட்ரோலர்களை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுப்பாள். பதினொரு வயதுப் பிள்ளை. சித்தப்பா முறையில் என்னை சாச்சா என்று கூப்பிடுவாள். என் மனைவி ரிஸ்காவும் வருவாள். வாரம் முழுவதும் அவள் எதிர்பார்த்திருந்தது அந்தப் பின்னேரத்தைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஹுமைதுக்குப் பிடித்த விளையாட்டு ஒன்று இருந்தது. டீவியில் ஒரு கேள்வி வரும்: இந்த அறையில் யார் இப்படிப்பட்ட ஆள்? எல்லோரும் தங்கள் கொன்ட்ரோலரில் ஒரு பெயரை அமத்த வேண்டும். கேள்விகளை நாமே எழுதிப் போடவும் முடியும். ஹுமைது தமிழில் எழுதிப் போடுவான். 'சொந்தக் கலியாணத்திலேயே விருந்தாளி மாதிரி நின்ற ஆள் யார்?' 'காணாமற்போனால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தேடப்படுகிற ஆள் யார்?' என் பெயர் வரும். ஒருவர் பெயரைத் தெரிவுசெய்தால் அவர் கையில் இருக்கிற கொன்ட்ரோலர் ஒரு தரம் அதிரும். ஒவ்வொருவராக அமத்த அமத்த அது என் கைக்குள் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த அதிர்வு வேலை செய்கிறதா என்று கடையில் சோதித்துப் பார்த்து அவனுக்கு விற்றதும் நான்தான்.

நானும் சிரிப்பேன். ஹுமைது என் தோளில் கை போட்டு, "நம்மட முன்ஸிப் தங்கமான மனுஷன், கோபமே வராது" என்பான். அவன் அன்பாகத்தான் சொன்னான். என்னை மட்டந்தட்ட நினைத்ததே இல்லை. எனக்கு அது நன்றாகவே தெரியும்.

ஒருநாள், 'மனைவியைக் கடைசியாக எப்போது சிரிக்க வைத்தோம் என்பதே ஞாபகமில்லாத ஆள் யார்?' என்று வந்தது. எல்லோரும் என் பெயரை அமத்தினார்கள். கடைசியாக அமத்தியது ரிஸ்கா. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அண்ணன் முறையில் அவனை நானா என்று கூப்பிடுவாள்; சிரித்தபடி ஹுமைதைப் பார்த்து, "அல்லாஹ், போதும் நானா, வயிறு நோகுது" என்றாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அவர்களுக்குள் தப்பாக எதுவும் இல்லை, ஐயா. அதைச் சந்தேகித்து நான் இதைச் செய்யவில்லை. பொறாமை என்றும் எழுத வேண்டாம். அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

வருடக் கடைசியில், கண்ணை முழுவதும் மூடி மாட்டுகிற ஹெட்செட் ஒன்றைக் கடைக்கு எடுப்பித்தேன். வயர் இல்லாத வகை. மாட்டியவருக்கு அறை தெரியாது, விளையாட்டின் உலகம் மட்டும்தான் தெரியும். அவர் பார்ப்பதை மற்றவர்கள் டீவியில் பார்க்கலாம். ஹுமைது கடைக்குள் வந்து அதைத் தலையில் மாட்டிப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தான்.

"மச்சான், இத ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கொண்டு வா. மேல்மாடி முடிஞ்சிட்டு. புது ஹோல்ல விளையாடுவம்."

மேல்மாடி முடிந்திருக்கவில்லை. டீவி மாட்டிய சுவருக்கு எதிர்ச் சுவரில் பல்கனிக்குப் போகிற வாசல். அதற்குக் கண்ணாடிக் கதவு இன்னும் வரவில்லை. பல்கனி என்பதும் ஒரு ஒடுங்கிய கொங்கிறீட் தட்டுத்தான். விளிம்பில் தடுப்புக் கம்பி பூட்டவில்லை. அதற்குக் கீழே மண் சரியாமல் கட்டிய கருங்கல் அணை, அதற்கும் கீழே ரோடு. கட்டட வேலை பார்த்த கிருஷ்ணராஜ் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். அந்த வாசலுக்குக் குறுக்கே பலகைகள் அடித்து வைத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவர் சாமான்களை எடுத்துக்கொண்டு புறப்படுகிற நேரம்.

"கம்பி பூட்டுற வரைக்கும் அந்தப் பலகைய எடுத்துறாதீங்க முதலாளி. பிள்ளைங்க நடமாடுற எடம்" என்றார்.

"சரி சரி, நீங்க பயப்படாம போயிட்டு வாங்க" என்றான் ஹுமைது.

மற்றவர்கள் இன்னும் மேலே வரவில்லை. அறை புழுங்கியது. "கொஞ்சம் காத்து வந்தா நல்லம்" என்று நான் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். பலகையைக் கழற்றியது ஹுமைதுதான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வாசலை மறைத்துப் பழைய திரைத்துணி ஒன்றைத் தொங்கவிட்டான். அது காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

இப்போது கோட்டைப் பற்றிச் சொல்கிறேன். போன தடவை நீங்கள் இதைக் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருக்காது, அது உங்கள் பிழையில்லை.

இந்த ஹெட்செட்டை மாட்டினால் முதலில் விளையாடுகிற இடத்தைக் காட்டிக் கொடுக்க வேண்டும். ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு, கையில் இருக்கிற கொன்ட்ரோலரால் தரையில் சுற்றிவரக் கோடு கீறுவார். அந்தக் கோட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். கோட்டை நெருங்கினால் கண் முன்னே நீல நிறத்தில் வலை மாதிரி ஒன்று எழும்பும். அதைக் கண்டதும் நின்றுவிட வேண்டும். கண் கட்டிய ஆளுக்கு அந்தக் கோடுதான் சுவர்.

கோடு கீறியது நான். டீவிப் பக்கம் சரியாகக் கீறினேன். கதிரைகள் இருந்த இரண்டு பக்கமும் சரியாகக் கீறினேன், யாருடைய காலிலும் இடிபடக் கூடாது. பின்பக்கம் வந்ததும் திரைத்துணிக்கு முன்னே ஒரு தரம் நிறுத்தினேன். பிறகு கையை இன்னும் கொஞ்சம் நீட்டி, துணியை விலக்கி, பல்கனித் தட்டின் விளிம்பையும் தாண்டிக் கீறி முடித்தேன். அந்த நேரம் எல்லோரும் மேலே வந்து ரொட்டியும் பிளேன்டீயும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பூட்டுகிறபோது யாரும் என்னைப் பார்ப்பதில்லை என்று சொன்னேனே.

முதலில் ஷம்ராவின் தம்பி விளையாடினான். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு எட்டு வைப்பதற்குள் பயந்து கழற்றிவிட்டான். அப்போதே நான் கோட்டை அழித்துத் திருத்தியிருக்கலாம். அல்லாஹ் எனக்கு ஒரு சந்தர்ப்பம் தந்தான் என்று பிறகு யோசித்தேன். அந்த நேரம் யோசிக்கவில்லை.

ஹுமைது மாட்டினான். கடலோரத்தில் ஒரு பெரிய நண்டு துரத்துகிற விளையாட்டு. நண்டு எந்தப் பக்கம் வருகிறது என்று மாட்டியவருக்குத் தெரியாது. அது மணலுக்கடியில் வருகிற பக்கத்தை டீவியின் ஒரு மூலையில் மட்டும் காட்டும், டீவியைப் பார்க்கிற துணையாள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஸகீனாதான் துணை. கதிரை நுனியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தாள். ஹுமைது இல்லாத நண்டை உதைத்தான், குனிந்தான், வழுக்கினது மாதிரி நடித்தான். ரிஸ்கா சிரித்தாள். எல்லோரும் டீவியைப் பார்த்துச் சிரித்தார்கள். ஹுமைதுக்குப் பின்னால் இருந்த வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது, டீவியின் அருகில் நின்ற நான் ஒருவன்தான்.

"வாப்பா, முன்னுக்கு வருது. பின்னுக்குப் போங்க. இன்னும் பின்னுக்கு."

அவன் பின்னால் போனான். திரைத்துணி அவன் முதுகில் பட்டது. அதை உணர்ந்திருக்க வேண்டும், ஒரு கணம் நின்றான்.

"என்னமோ படுது" என்றான்.

"நண்டு கிட்ட வந்துட்டு வாப்பா, பின்னுக்குப் போங்க."

"சரி சரி. இன்னும் இடம் இருக்கு மகள். கோடு வரல்ல."

அதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. என் வாயில் ஒரு சொல் இருந்தது. நில் என்ற ஒரே சொல். அதைச் சொல்ல எனக்குப் போதுமான நேரமும் இருந்தது. ரிஸ்கா அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டீவியில் படம் ஒரு தரம் சுழன்று, விளையாட்டின் ஆகாயத்தைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதையும் விளையாட்டு என்றே நினைத்துக் கைதட்டினார்கள். ஷம்ரா திரும்பிப் பார்த்த பிறகுதான் அலறல் கேட்டது.

ரோட்டுக்கு முதலில் ஓடியது நான். கருங்கல்லில் அடிபட்டுக் கிடந்தான். ஹெட்செட் கழன்று வடிகானுக்குள் விழுந்திருந்தது. அவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவன் நான், ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் தலையை மடியில் வைத்திருந்தவனும் நான். வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. ஜனாஸாவை அடக்கம் செய்த அன்று கப்றுக் குழிக்குள் இறங்கி அவனை வாங்கியதும் நான்தான். அதற்கு முன்னால், கூட்டம் எல்லாம் ஆஸ்பத்திரியில் நின்ற நேரத்தில் திரும்பி வந்து, வடிகானில் இருந்து ஹெட்செட்டை எடுத்து அந்தக் கோட்டை அழித்தேன். அது இன்னும் வேலை செய்தது.

பிறகு நீங்கள் வந்தீர்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: கம்பி ஏன் இல்லை, பலகை எங்கே? ஹோலில் எல்லோருக்கும் முன்னால் கிருஷ்ணராஜை நிறுத்தினார்கள். அவருடைய சாரத்தில் சீமெந்து காய்ந்திருந்தது.

"ஆண்டவன் சத்தியமா பலகை அடிச்சிட்டுத்தாங்க போனேன். செவுத்துல ஆணி இருக்கு, பாருங்க. முதலாளிக்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

யாரும் நம்புகிற மாதிரித் தெரியவில்லை. ஒரு பாவமும் செய்யாத ஏழை மனிதர் மாட்டிக்கொள்ளப் போகிறார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆகவே உண்மையைச் சொன்னேன். பலகையைக் கழற்றியது ஹுமைதுதான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். 'ஏன் அவ்வளவு தூரம் பின்னால் போனார்?' என்று கேட்டீர்கள்.

"ஸகீனாதான் பின்னுக்குப் போகச் சொன்னா" என்றேன். "பிள்ளை தெரியாமச் சொன்னது, ஐயா."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஸகீனா தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஷம்ரா மெதுவாகத் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள். பார்த்தது மட்டும்தான். பிள்ளை தன் கைகளைத் தாவணிக்குள் ஒளித்துக்கொண்டாள். நீங்கள் எழுதி முடித்துப் பேனையை மூடினீர்கள். கிருஷ்ணராஜ் என் காலில் விழப் பார்த்தார்.

கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கிற இத்தாக் காலம் முடியும்வரை ஷம்ரா வெளியே போக முடியாது. வீட்டுச் சாமான் எல்லாம் நான்தான் வாங்கிக் கொடுத்து வந்தேன். கதவுக்குப் பின்னால் நின்று, "நீங்க இல்லாட்டி நாங்க என்ன செய்யிற நானா" என்பாள். ரிஸ்காவும் இப்போது என்னிடம் மரியாதையாகப் பேசுகிறாள். எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

ஸகீனா பள்ளிக்கூடத்தில் பேசுவதில்லையாம். தாயோடும் பேசுவதில்லை. ஒரு இடத்தில் நிற்பதென்றால் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் நிற்கிறாள். நான் போனால் மட்டும் வாசலுக்கு வருவாள். போன வாரம் நான் கொண்டுபோன பாண் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போகாமல் நின்றாள்.

"சாச்சா, நான் முன்னுக்கு வாங்க எண்டு சொல்லியிருந்தா?"

அவள் அழவில்லை. அதை எத்தனையோ தரம் தனக்குள்ளே கேட்டுப் பார்த்திருப்பாள் என்று அந்தக் குரலில் தெரிந்தது. அந்த இடத்தில் இரண்டு பேர்தான் நின்றோம். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை. நான் அவள் தலையைத் தடவி, "அது அல்லாஹ்ட நாட்டம் மகள். ஒன்னய யாரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். தான்தான் செய்தாள் என்பதை நானும் ஒத்துக்கொண்டதாக விளங்கியிருப்பாள். வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தேன். பிறகு திரும்பவும் நடந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். முஹம்மது முன்ஸிப் ஆகிய நான், ஹுமைது விழ வேண்டும் என்று தெரிந்தே அந்தக் கோட்டைக் கீறினேன். அவன் விளிம்புக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். கோட்டை அழித்தேன். பிறகு அந்தப் பழியைத் தூக்கி அவன் பிள்ளையின் தலையில் வைத்தேன். நான்கையும் நானே செய்தேன். எனக்கு என்ன தண்டனை வந்தாலும் சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். ஸகீனாவுக்கு யாராவது சொல்ல வேண்டும், அவள் மேல் பிழை இல்லை என்று. மெஷினில் ஏதோ பழுது இருந்தது, கோடு காட்டவில்லை என்று சொன்னால் போதும். என் பெயர் வேண்டாம், ஐயா. அவள் வாய் திறந்து பேசுகிறது என்னோடு மட்டும்தான். அந்த ஒரு துணையையும் அவளிடமிருந்து பறிக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.