கொட்டகைச் சுவரில் ஓர் எண்

உங்கள் மேசையில் இருக்கிற கம்ப்யூட்டர் இவ்வளவு மெதுவாக ஓடுவதற்கு அதன் வயசு காரணமில்லை, ஐயா. ஆளாளுக்கு அதில் எதையாவது ஏற்றி வைத்திருக்கிறீர்கள். ஸ்டேஷன் ரைட்டர் தன் பெண்ணின் கல்யாண வீடியோவை டெஸ்க்டாப்பிலேயே போட்டிருக்கிறார். பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறீர்கள், இந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபடியே என்னால் படிக்க முடிந்தது. குறை சொல்லவில்லை. தாலுகா ஆபீஸிலும் இதே கதைதான். ஒருநாள் கடைக்கு அனுப்பினால் நானே துடைத்துச் சுத்தம் செய்து தருகிறேன், நானில்லாவிட்டால் வேறு யாரிடமாவது கொடுங்கள்.

என் பெயர் இராஜாங்கம். குடவாசல் கடைத்தெருவில் கம்ப்யூட்டர், செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்து இறந்துபோன கண்ணுசாமி என் அண்ணன். அந்த வழக்கில் நீங்கள் அல்லா பிச்சையைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். இப்போது அவர்மேல் குற்றமில்லை என்று விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது சம்பந்தமாகத்தான் வந்தேன். அவசரமில்லை, டீயைக் குடித்துவிட்டே கேளுங்கள்.

அரசாங்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் என் கடை நிமிர்ந்தது. எங்கள் தெருவில் முந்தைய ஆட்சியின் இலவச டிவி இருந்தது, அடுத்த ஆட்சியின் மிக்ஸியும் கிரைண்டரும் வந்தன, அதன் பின்னால் லேப்டாப்பும் வந்தது. அதில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு சிஸ்டம் போட்டிருப்பார்கள். வாங்கிய மறுநாளே ஒன்றை அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் வை என்று பையன்கள் என்னிடம் கொண்டுவருவார்கள். என்ன அழிக்கச் சொல்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது, அவர்களைப் பெற்றவர்களுக்கும் தெரியாது.

எனக்கு இரண்டுமே பிடிக்காது. விண்டோஸ் வாசலைத் திறந்து போட்டுவிட்டுக் காவலுக்கு ஆள் தேடும். லினக்ஸ் வீட்டுச் சாவியையே ஊருக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, இதுதான் சுதந்திரம் என்று பெருமை பேசும். எனக்குப் பிடித்தது டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் கன்சோல். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்தவர் ஒருவரிடம் வாங்கிய கன்சோல் ஒன்று கடையில் இருக்கிறது. செய்தவன் அனுமதித்த டிஸ்க்கை மட்டும்தான் அது ஓட்டும். வைரஸ் கிடையாது, மாட்டிக்கொண்டு நிற்பது கிடையாது. அதில் சிப்பை மாற்றிக் கள்ள டிஸ்க் ஓடும்படி செய்து கொடு என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நான் செய்ததே இல்லை. நல்ல பொருளைக் கெடுக்க எனக்கு மனசு வராது.

அண்ணன் ஒருமுறை கடைக்கு வந்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல விளையாட்டு மட்டுந்தானாடா? ஒரு மனு அடிக்க முடியாதா?"

"அது அதுக்குன்னு செஞ்சதுண்ணே. மத்தவன் கைவைக்க முடியாது. அதான் அதோட அழகு."

"மிராசுதாரு வயல அப்படித்தான்டா வச்சிருந்தாரு. நம்ம அப்பா வரப்புல உக்காந்து கஞ்சி குடிக்கக்கூட அவருகிட்ட கேக்கணும்."

அண்ணனுக்கு எதைக் காட்டினாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். எங்கள் அப்பா பண்ணையாள். நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தைக் கேட்டுக் கொடி பிடித்துப் போனவர்களில் அவரும் ஒருவர். அடிபட்டு ஒரு கை கடைசிவரை நேராக நீளாமலே போய்விட்டது. அந்தக் கையால்தான் பட்டாவை வாங்கினார். அதை நான் மதிக்கிறேன், ஐயா. ஆனால் நிலம் கைக்கு வந்த பிறகும் அது ஊருக்கே பொது என்பதுபோல் நடந்துகொண்டால், வாங்கியதற்கு அர்த்தம் என்ன? மிராசுதார் காலத்தில் வாய்க்கால்கள் ஒழுங்காகத் தூர்வாரப்பட்டிருந்தன என்று நான் ஒருமுறை சொன்னேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு எழுந்து போய்விட்டார்.

ஆற்றில் தண்ணீர் வராத வருஷம். மேட்டூர் திறப்பார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. போர்வெல் வைத்திருந்தவன் மட்டும் குறுவை போட்டான். எங்கள் போருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டி வைக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான். கடையில் விற்கிற பெட்டி இல்லை. போர்டு வரவழைத்து, நானே கோத்து, நானே வயர் இழுத்தது. உள்ளே ஒரு சிம் இருக்கும். வீட்டிலிருந்தே அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், மறுபடி கொடுத்தால் நிற்கும். கடைசியாகக் கூப்பிட்டவர் எண்ணைப் பெட்டி ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும், அது நானாகச் சேர்த்த வசதி. என் எண்ணையும் அண்ணன் எண்ணையும் தவிர வேறு எதற்கும் அது அசையாது. அப்படித்தான் அமைத்திருந்தேன். ஒருமுறைகூட அது என் பேச்சைத் தட்டியதில்லை.

பக்கத்து வயல் அல்லா பிச்சை பாய் குத்தகைக்குச் சாகுபடி செய்வது. பயிர் வாடியது. அண்ணன் தண்ணீர் விட்டார். அதற்கடுத்த வயல்காரரும் வந்து நின்றார், அவருக்கும் விட்டார். பிறகு என்னிடம் வந்து, அவர்கள் எண்களையும் பெட்டியில் ஏற்றிக் கொடு என்றார். ராத்திரி பகலென்று பாராமல் மும்முனைக் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது அவரவரே ஓட்டிக்கொள்வார்களாம். நான் முடியாது என்றேன்.

"தண்ணிக்கு என்னடா பாஸ்வேர்டு?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் அவர் செய்ததைத்தான் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். திருவாரூரிலிருந்து ஜெக்கரியா என்று ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்து, என் பெட்டியைத் திறந்து, நான் போட்ட பூட்டையெல்லாம் அழிக்கச் செய்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் கூப்பிட்டாலும் ஓடும்படி ஆக்கிவிட்டு, அந்த எண்ணைக் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் பெரிதாக எழுதிவைத்தார். சாலையில் போகிற பஸ்ஸிலிருந்தே படிக்கலாம். நான் மதகில் வண்டியை நிறுத்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சொந்தப் பெண்ணின் போட்டோவைச் சுவரில் ஒட்டி வைத்ததுபோல் இருந்தது எனக்கு.

பெட்டி வருவதற்கு முன்னால், மோட்டாரில் கைவைக்கிறவர்கள் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் வேலை பார்ப்பார்கள். பெட்டி வந்ததும் அந்தப் பழக்கம் போய்விட்டது. கட்டையைத் திருப்பி மாட்ட மறந்துபோனால் அடுத்த முறைக்காரன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோவான், வீண் சண்டை வரும். அதனால் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். யாராவது மோட்டாரில் வேலை பார்த்தால் கொட்டகைக் கதவில் துண்டைத் தொங்கவிடுவார்கள். துண்டு தொங்கினால் யாரும் கூப்பிடக் கூடாது. பெட்டியில் பூட்டு கிடையாது, சுவிட்ச் கிடையாது, ஒரு துண்டுதான் பாதுகாப்பு. என் தொழிலில் இப்படி ஒரு சிஸ்டத்தை யாராவது கொண்டுவந்தால் நான் கையால்கூடத் தொடமாட்டேன்.

அண்ணனிடமே சொன்னேன். "ஒருத்தன் பாக்காம கூப்பிட்டா என்ன செய்வீங்க?"

"பாக்காம எப்படிடா கூப்பிடுவான்? உள்ள நிக்கறது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்."

அந்தக் காலையில் எனக்குத் திருவாரூருக்கு ஒரு வேலை. மதகைத் தாண்டும்போது கொட்டகைக் கதவில் பச்சைத் துண்டு தொங்கியது. அண்ணனுடைய விவசாயிகள் சங்கத் துண்டு. போர் வாய்க்குப் பக்கத்தில் கேபிள் ஜாயிண்ட் அடிக்கடி நனைந்து போகும், அதைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். வண்டியை நிறுத்தினேன். அல்லா பிச்சையின் போன் என் சட்டைப்பையில் இருந்தது. ஸ்பீக்கர் சரியில்லை என்று அவர் என் கடையில் கொடுத்திருந்தது. சரியாகிவிட்டதா என்று பார்க்க எங்காவது ஒரு கால் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணெதிரே சுவரில் எண் இருந்தது.

நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரிகிறது. என் போன் கடையில் சார்ஜில் இருந்தது. வேண்டுமென்றே வைத்துவிட்டுத்தான் வந்தேன். அதற்கு முந்தைய நாளும் வைத்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் வந்தேன், ஆனால் அன்று துண்டு தொங்கவில்லை. திருவாரூரில் வேலை என்று சொன்னேன் இல்லையா, அப்படி ஒன்றும் பெரிய வேலை இல்லை. அன்றைக்குத் தண்ணீர் முறை அல்லா பிச்சையுடையது என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு சிஸ்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று வாயால் சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஐயா. செய்து காட்ட வேண்டியிருக்கிறது. நான் கோபத்தில் செய்யவில்லை. அண்ணன் மேல் எனக்குக் கோபம் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். என்னைப் படிக்கவைத்தவர் அவர். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஃபீஸ் கட்டுவதற்காகத் தன் படிப்பை நிறுத்திவிட்டு அறுப்புக்குப் போனவர்.

கொட்டகையிலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி ஒரு கால் கொடுத்தால் மோட்டார் நின்றுவிடும், அது எனக்குத் தெரியும். கொடுக்கவில்லை. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் சாவு வீட்டுக் கூட்டத்தில் எல்லோரும் இருந்தபோது, அல்லா பிச்சை வீட்டுக்குப் போய் அவர் மனைவி ரசியா பேகத்திடம் போனைக் கொடுத்தேன். "இந்த நேரத்துல இத கொண்டாந்தீங்களே தம்பி, உங்களுக்கு எவ்ளோ பெரிய மனசு" என்று அழுதார்கள். பிறகு நீங்கள் பெட்டியைத் திறந்து பார்த்துக் கடைசி எண் அவருடையது என்று கண்டுபிடித்தீர்கள். போன் கடையில் இருந்தது என்று அவர் சொன்னார். முதல்நாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நான் சொன்னேன். சாவு விழுந்த பிறகுதான் போன் வந்தது என்று ரசியா பேகம் சொன்னார்கள். புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று ஊரே பேசியது. நான் அப்படி ஒரு வார்த்தை பேசவில்லை. அல்லா பிச்சையை உங்கள் வண்டியில் ஏற்றியபோது, "கண்ணுசாமி அண்ணன் துண்டு தொங்கையில நான் கூப்பிடுவனா? சொல்லு இராஜாங்கம், நீ சொல்லு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை உதறவில்லை. பக்குவமாக எடுத்துக்கொண்டேன்.

அவர் உள்ளே இருந்த நாளெல்லாம் எனக்குத் தூக்கம் கெட்டது என்று சொன்னால் பொய். நன்றாகத்தான் தூங்கினேன். அவர் வயலும் காய்ந்துபோய்விட்டது, பாவம். சுவரில் இருந்த எண்ணை நானே அழித்துவிட்டு, பெட்டியில் பழையபடி பூட்டு போட்டேன். இப்போது என் எண்ணுக்கு மட்டும்தான் ஓடும்.

அண்ணிக்கு, அம்சம் அண்ணிக்கு, அண்ணன் போட்டோவைப் போனில் முகப்பாக வைத்துக் கொடுத்ததும் நான்தான். ஒவ்வொரு முறை போனை எடுக்கும்போதும் அதைத் தடவிப் பார்ப்பார்கள். இதெல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இப்போது அல்லா பிச்சையின் வக்கீல் யாரோ ஓர் என்ஜினீயரை அழைத்துவந்து அறிக்கை வாங்கியிருக்கிறார். பெட்டி உள்ளூரில் அரைகுறையாகச் செய்தது, அதன் ஞாபகத்தை நம்ப முடியாது, கரண்ட் ஏறி இறங்கியதில் தானாகவே மோட்டார் ஓடியிருக்கிறது, இது விபத்து என்று எழுதியிருக்கிறார். நீங்களும் அதை வாங்கிக்கொண்டு வழக்கை முடித்துவிட்டீர்கள். அந்த என்ஜினீயர் பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, ஐயா. மூடியை மட்டும்தான் கழற்றியிருக்கிறார், ஸ்க்ரூவைப் பார்த்தாலே தெரிகிறது.

நேற்று அண்ணி கடைக்கு வந்தார்கள். "அப்போ உன் பெட்டிதான் அவரக் கொன்னுச்சா தம்பி?" என்று கேட்டார்கள். ராத்திரி முழுக்கக் கண்ணை மூட முடியவில்லை. அண்ணன் செத்த அன்றைக்குக்கூட நான் அழவில்லை, நேற்று அழுதேன்.

நான் கோத்த பெட்டி தானாக ஓடாது. ஆள் கூப்பிட்டால் மட்டும்தான் ஓடும். அன்றைக்கும் நான் கூப்பிட்டேன், முதல் ரிங்கிலேயே ஓடியது, ஒரு குறையும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். அறிக்கையில் அந்த வரியை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். அவரைக் கொன்றது என் பெட்டி இல்லை என்று அண்ணியிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஐயா.