மூன்றாம் எஞ்சின் வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு

செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தால் என் கை சும்மா இருக்காது. பள்ளிபாளையத்து நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். கல்யாண வீட்டு வாசலில்கூட, போகிற போக்கில் நாலு ஜோடியைச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அதனால், அங்கமுத்துவின் செருப்பை எஞ்சின் நடையில் இருக்கும் பொதுச் செருப்புத் தட்டில் வைத்தது யார் என்று நேற்று நீங்கள் கேட்டபோது, சபரிநாதன் சார், எனக்குப் பயம் ஒன்றும் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றது பொய் யோசிப்பதற்காக அல்ல. வரிசையாகச் சொன்னால்தான் விசாரிக்கிற உங்களுக்கும் விளங்கும்.

எங்கள் டேட்டா சென்டருக்கு வேண்டிய மின்சாரத்தை வெளிக்கம்பியில் தர இன்னும் நான்கு வருஷம் ஆகும் என்றார்கள். கம்பெனி காத்திருக்கவில்லை. குமாரபாளையத்துக்குத் தெற்கே மேட்டுக்காட்டில் பதினோரு எரிவாயு எஞ்சின்களை நிறுத்தி, தனக்குத் தானே கரண்ட் எடுத்துக்கொண்டது. ஊரில் கரண்ட் போய் விசைத்தறிகள் ஓய்ந்து கிடக்கிற மத்தியானத்திலும் எங்கள் கட்டடம் மட்டும் உறுமிக்கொண்டே இருக்கும். பகல் ஷிஃப்ட் என் பொறுப்பு. ஜாக்குலின் மேடம் இருந்தால் எஞ்சின் நிற்காது என்று சொல்வார்கள். அது பெருமைப் பேச்சு இல்லை. கன்ட்ரோல் ரூம் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. தடையில்லாமல் ஓடிய நாட்களின் எண்ணிக்கையைத் தினமும் காலையில் நான்தான் அழித்து எழுதுவேன். சம்பவத்தன்று நானூற்றுப் பன்னிரண்டு.

நூற்பாலையில் ஒருமுறை, என் பொறுப்பில் இருந்த ஷிஃப்டில், ஒரு நிமிஷம் கரண்ட் போனது. ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றாக அறுந்தன. அத்தனை பெண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நிசப்தத்தை நான் இன்னொரு முறை கேட்கக்கூடாது என்று இருந்தேன்.

அங்கமுத்துவைச் சொல்ல வேண்டும். தறிப்பட்டறை ஃபிட்டராக இருந்து எங்களிடம் வந்தவர். கை சுத்தம், பேச்சு சுத்தம். ஒரே குறை, எஞ்சின் அறைக்குள் வெறுங்காலோடு போவார். பாதுகாப்புக்குக் கொடுத்த பூட்ஸ் புத்தம் புதிதாகப் பெட்டியிலேயே இருந்தது.

"பூட்ஸ் போடுங்க அங்கமுத்து, சூடான எண்ணெய் தெறிச்சா யாரு பாக்கறது" என்பேன்.

"நம்மளுக்குச் சோறு போடற சாமிங்க அம்மிணி இது. காலுல மாட்டிக்கிட்டு எப்பிடிங்க உள்ள போறது?"

"எஞ்சினு போய் சாமியா?"

"உங்க கோயல்ல செருப்போட உள்ள உட்டுருவாங்களாமா. எங்க சாமி கொஞ்சம் ரோசக்காரருங்க."

எனக்கும் சிரிப்பு வந்துவிடும். செருப்பை அவர் கையால் தொடமாட்டார். முழங்கால் இரண்டும் போய்விட்டதால் குனிவது சிரமம். வாசலில் காலால் உதறிவிடுவார். ஒன்று மட்டும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே போய் உட்காரும். அது தற்செயல் இல்லை. உள்ளே வெக்கை தாங்காது என்று இடது செருப்பைக் கதவுக்கு முட்டுக் கொடுப்பார். அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிற ரகம். அது திறந்திருக்கக்கூடாது என்று பலமுறை சொல்லியிருக்கிறேன்.

உங்கள் முதல் அறிக்கையைப் படித்தேன். வாசலில் செருப்பு இல்லை, பொதுத் தட்டில்தான் இருந்தது, ஆகவே உள்ளே ஆள் இருப்பது பொறுப்பாளருக்குத் தெரிய வழியில்லை, சொல்லாமல் உள்ளே போனது இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. நீங்கள் அதை நல்ல எண்ணத்தோடுதான் எழுதினீர்கள். ஆனால் போன வாரம் அவர் மனைவி சின்னாயி கம்பெனி கேட்டுக்கு வந்தார். செருப்பை வாங்கிப் போக வந்தவர், வாங்கிக்கொண்டு நகரவே இல்லை.

"ஏனுங்க மேடம், இது தட்டுல இருந்துதுன்னு சொல்றாங்க. என்ற ஊட்டுக்காரரு குனிய மாட்டாருங்களே. ஊட்லயே காலால ஒதறி உட்டுட்டு வாரவரு. இத ஆருங்க எடுத்து வெச்சது?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "கவனமில்லாத மனுசன்னு எழுதிப்போட்டாங்களாமா. முப்பது வருசம் தறிக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல ஒரு வெரலு போவாம வேல பாத்தவருங்க அவரு" என்று மட்டும் சொன்னார்.

அது என்னை உறுத்தியது. ஒழுங்கான மனிதர் மேல் அப்படி ஒரு சொல் நிற்கக்கூடாது. நான் இங்கே வந்து உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான்.

அன்று காலை பதினொன்றேகால் இருக்கும். மூன்றாம் எஞ்சினை வேலைக்காக நிறுத்தி அரை மணி ஆகியிருந்தது. ஆனால் புகைக்குழாய் ஆறவில்லை. எண்ணெய்க் குழாயின் ஒரு மூட்டு விட்டு அதன்மேல் எண்ணெய் வழிந்து பற்றிக்கொண்டது. தீ மணி அடித்தபோது நான் அந்த அறைக்கு வெளியே நடையில்தான் இருந்தேன். கன்ட்ரோல் ரூமில் ஆப்பரேட்டர் வித்யா மட்டும் இருந்தாள்.

முதல் ஆறு எஞ்சின்களின் கேபிளும் மூன்றாம் அறைக்கு அடியில்தான் போகிறது. அது பற்றினால் ஓடுகிறவை அத்தனையும் ஒன்றாக விழும். மிச்சம் ஐந்தால் கட்டடத்தின் மின்பாரத்தைத் தாங்க முடியாது. எனக்கு ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனால் ஒன்றரை நிமிஷம் இருந்தது.

அறைக்கு வெளியே ஒரு நெம்புகோல் உண்டு. இழுத்தால் உள்ளே கரியமில வாயு நிரம்பும். தீ அணைந்துவிடும். மூச்சும் நின்றுவிடும். ஆகையால் உள்ளே ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, அரை நிமிஷம் பொறுத்து இழுக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எல்லாருக்கும் பாடம் எடுத்தவள் நான்தான்.

கதவு மூடினால்தான் வாயு உள்ளே நிற்கும். கதவு மூடவில்லை. இடது செருப்பு முட்டுக் கொடுத்திருந்தது.

ஆமாம் சார். பார்த்தேன்.

இடுக்கு வழியாக அவர் முதுகும் தெரிந்தது. தீ எஞ்சினுக்கு மறுபக்கம், அவர் கண்ணில் பட்டிருக்காது. எஞ்சினின் அந்தக் கோடியில், முக்காலியில், காதுக்கவசம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து எஞ்சின்களின் இரைச்சலில் மணி அவருக்குக் கேட்டிருக்காது. கூப்பிட்டாலும் கேட்காது. நான் உள்ளே போய்த் தோளைத் தொட்டு, அவர் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எழுந்து நடந்து வர இரண்டு நிமிஷம் ஆகும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. செருப்பை உருவினேன். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. இழுத்தேன்.

அவர் அவ்வளவு சீக்கிரம் எழுந்து வருவார் என்று நான் நினைக்கவில்லை. பத்து விநாடிகூட ஆகியிருக்காது, கைப்பிடி கீழே இறங்கியது. கதவு ஒரு விரல் அளவு திறந்தால் போதும், வாயு வெளியே வந்துவிடும், தீ மறுபடி எழும். எனக்குக் காலையிலிருந்தே இடுப்பு வலி. கதவில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டேன். கைப்பிடி இன்னும் இரண்டு முறை இறங்கியது. மூன்றாவது முறை பாதியில் நின்று மேலே போனது. "அம்மிணி" என்று கேட்டதுபோல் இருந்தது. இரைச்சலில் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

எஞ்சின்கள் நிற்கவில்லை. ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை.

வித்யா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அங்கமுத்து அண்ணன் எங்கீங்க மேடம்?" என்றாள். டீ குடிக்கப் போயிருப்பார் என்றேன். அறையில் காற்று தெளிய நாற்பது நிமிஷம் ஆனது. அதுவரை அவள் கேன்டீனுக்கு மூன்று தடவை போன் செய்தாள்.

மறுநாள் பலகையில் நானூற்றுப் பதின்மூன்று என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் பூசைக்குப் போனேன், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் மட்டும் செய்யவில்லை. அதற்கு மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்தை வெறுக்கிற மனசு, வேண்டும். எனக்கு இருந்தது வருத்தம்தான். இரண்டும் ஒன்றில்லை என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இனி செருப்பு. சாய்ந்து நின்றபோது அந்த இடது செருப்பு என் கையிலேயே இருந்தது. வலது செருப்பு என் காலடியில் கவிழ்ந்து கிடந்தது. கைப்பிடி அசைவது நின்ற பிறகு அதையும் எடுத்து, இரண்டையும் தூசு தட்டி, தட்டில் சேர்த்து வைத்தேன். மறைப்பதற்காக இல்லை சார், அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். முனை வெளியே பார்க்கும்படிதான் வைத்தேன். குனிய முடியாத மனுஷர், வெளியே வந்ததும் மாட்டிக்கொள்ளச் சுலபமாக இருக்கட்டும் என்று.