காயக்கூடாத சவ்வு

இந்த அவையைத் தாங்கி நிற்கும் தொழிலாளர் மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, வயதிலும் வாஞ்சையிலும் மூத்த பெரியோர்களே, வேலை முடிந்த கையோடு வந்து பிள்ளையை மடியில் கிடத்தியிருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

ஆலைத் தொழிலாளியின் மகள் ஆய்வு செய்தாள் என்று என் பேத்திக்குக் கேடயம் என்றீர்கள். அவள் வர மறுத்துவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் வந்திருக்கிறேன். பெருமை இல்லாமலா வந்தேன்? நெஞ்சு நிறையப் பெருமை; அதன்மேல் நெஞ்சை அழுத்தும் பாரம்.

அவள் செய்தது என்ன? உள்ளங்கை அகலத்தில் ஒரு சவ்வு. வெங்காயத் தோலின் கனம். அதன் நுண்ணிய துளைகளுக்குள் அதைவிட நுண்ணிய உலோகத் துகள்களை ஒட்டவைத்தாள். பல்லேடியமாம். பல் போன என் வாயில் அது எப்படி நுழையும்? சிரியுங்கள், பரவாயில்லை. இனிமேல் சிரிக்க ஒன்றுமில்லை.

வலிமாத்திரைக்கான சரக்கு செய்ய நம் ஆலையில் உலோகத் தூளைத் தொட்டியில் கொட்டிக் கலக்குகிறோம், வடிக்கிறோம், கழுவுகிறோம். கழுவிய நீர் எங்கே போகிறது? கால்வாய்க்கு. கழுவிய கை யாருடையது? என் மகனுடையது. தோலுரிந்த அந்தக் கையைப் பார்த்து வளர்ந்த அவன் மகள் செய்த சவ்வு இது. சரக்கு ஆகவேண்டிய மஞ்சள் நீர் ஒரு பக்கம் போகும். சரக்காகி, நிறமற்று மறுபக்கம் வரும். துகள் சவ்வோடு நிற்கும், கால்வாய்க்குப் போகாது. ஒன்றே ஒன்றுதான்: அது நீருக்குள்ளேயே இருக்க வேண்டும். காய்ந்தால் துளைகள் மூடிவிடும். பிறகு நனைத்தாலும் திறக்காது.

முதலாளிகள் பார்க்க வந்தார்கள். முதலாளி வரும் நாளில் நம் வழக்கம் என்ன? அதோ, பிள்ளையை மடியில் வைத்திருக்கும் அந்தம்மா சொன்னது சரி: ஈரம் கண்ணில் படக்கூடாது. தரையைத் துடைப்போம், குழாயைத் துடைப்போம். என் மகனும் துடைத்தான். மகள் செய்த பொருள் பளிச்சென்று இருக்கட்டும் என்று, அந்தச் சவ்வைத் தண்ணீர்த் தட்டிலிருந்து எடுத்து, காற்றுக்குழாயால் ஊதி உலர்த்தி, சுருக்கம் நீவிப் பொருத்தினான்.

மஞ்சள் போனது. மஞ்சளே வந்தது.

பேத்தி சவ்வைத் தொட்டாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு மேலாளரிடம், "என் தப்புதான் சார்" என்றாள். அத்தோடு முடிந்தது எல்லாம்.

வீட்டுக்கு வந்த மகன் சமையலறையில் இன்னொரு சவ்வைக் கண்டான். "இது ஏன்மா தண்ணிக்குள்ள கிடக்கு?" என்று கேட்டான். மகள் அதன்மேல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். அதுவே பதிலாயிற்று.

இன்று அவள் ஆய்வை விட்டு வேறு வேலை தேடுகிறாள். அவன் அதே தொட்டியில் அதே தூளைக் கழுவுகிறான். கேடயம் எதற்கு ஐயா? கால்வாயை மறைக்கவா? கையை மறைக்கவா?

என் மகன் கடைசி வரிசையில் இருக்கிறான். திரும்பிப் பார்க்காதீர்கள். "நான் சொன்னா குரல் உடைஞ்சிடும்மா, நீயே சொல்லிடு" என்றான். சொல்லிவிட்டேன். பழி அவளுடையது அல்ல.

மேலாளர் ஐயா, அந்த இன்னொரு சவ்வுக்குத் தினமும் தண்ணீர் மாற்றுகிறேன். எதற்கென்று அவளும் கேட்பதில்லை, நீங்களும் கேட்டதில்லை. அது இன்னும் காயவில்லை.

கேடயத்தை மேசையிலேயே வைத்துப் போகிறேன். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி; வணக்கம்.