ஐம்பது சர்வர், ஒரே மெஷின்

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் அண்ணனும் தங்கையும். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள், மடியில் பெரிய பையோடு பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

“எங்க ஆபீஸ்ல அம்பது சர்வர் கம்ப்யூட்டரையும் மெயின்ஃப்ரேம்னு ஒரே பெரிய மெஷின்ல அடைச்சிட்டாங்கண்ணா.”

“ஒண்ணுக்குள்ள அம்பதா?”

“ஒவ்வொண்ணும் தன்னை தனி மெஷின்னு நெனச்சிக்கும். செலவு கம்மியாம். காலையில எல்லாரும் ஒரே நேரத்துல வேலைய ஆரம்பிச்சா அத்தனையும் நின்னுடுது. திட்டு எனக்கு.”

“முன்னாடியே சொல்றதுதானே?”

“சொன்னேனே! பழைய சர்வர்ல நாலையாவது வெச்சிக்கலாம்னேன். கரண்ட் ஜாஸ்தி இழுக்குதுன்னு எல்லாத்தையும் வித்துட்டாங்க. இப்ப வேகம் பத்தலைன்னு இன்னொரு மெயின்ஃப்ரேம் வாங்கறாங்க. செலவைக் கம்மி பண்ணார்னு மேனேஜருக்கு பிரமோஷன்.”

“உனக்கு?”

“வேலைய விட்டுட்டேண்ணா.”

அண்ணன் அவள் மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“வீட்ல இப்ப சொல்லாத. முதல்ல போய் சாப்பிடு.”