வராத வண்டியும் நடக்காத சந்திப்பும்

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் எங்கள் கல்லூரி முதல்வர் அவர்களே, ஆட்சிக்குழுவின் பெரியோர்களே, ஆனர்ஸ் திட்டத்தின் வழிகாட்டிகளாக இன்று ஆணை பெறவிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, கல்லிடைக்குறிச்சியிலிருந்தும் ராதாபுரத்திலிருந்தும் ஒரு நாள் வேலையை விட்டு, இரண்டு பேருந்து மாறி வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, மாணவச் செல்வங்களே, நாற்காலி இல்லையென்று கதவோரம் நிற்கும் கௌரவ விரிவுரையாளர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

முன்வரிசையில் ஏழு நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. கதவோரம் நிற்பவர்கள் வந்து உட்காரலாமே? வரமாட்டார்கள். யாருக்கோ என்று துண்டு போட்டு வைத்திருக்கிறது. சரி, நான் பேச வந்ததும் ஏறக்குறைய அதைப் பற்றித்தான்.

‘வழிகாட்டலின் மாண்பு’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். ஏணி என்றும், தோணி என்றும், எரியும் விளக்கு என்றும் எழுதித்தான் வைத்திருந்தேன். போன வாரம் ஒரு மாணவி என் அறைக்கு வந்தாள். அதற்குப் பிறகு அந்தத் தாளை வாசிக்க எனக்கு நா எழவில்லை.

தாய்மார்களுக்காக ஒரு விளக்கம். ஆனர்ஸ் திட்டம் என்பது வகுப்புப் பாடத்துக்கு மேலே ஒரு படி. மாணவர் தாமே ஒரு கேள்வியை எடுத்து மூன்றாண்டு ஆராய வேண்டும். அவருக்கென்று ஒரு பேராசிரியர் இருப்பார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். பேசியதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இந்தப் பணிக்கு வாரம் இரண்டு மணி நேர வகுப்புக் குறைப்பு உண்டு. பதவி உயர்வுக்குப் புள்ளியும் உண்டு. பன்னிரண்டு வழிகாட்டி இடத்துக்குப் பேராசிரியர்களிடமிருந்து நாற்பத்தொரு விண்ணப்பங்கள் வந்தன. ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் அத்தனையையும் வாசித்தவள் நான். மாணவர் யார் என்று கேட்டவர் எத்தனை பேர்? இருவர். எந்த வகுப்புக் குறையும் என்று கேட்டவர்? சிரிக்காதீர்கள். அந்த எண்ணிக்கையை நான் சொல்லப் போவதில்லை.

வந்த மாணவியின் பெயர் ஃபெமினா. ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். புள்ளியியல், மூன்றாமாண்டு. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய ஆறு பெயர்களில் அவள் பெயரும் ஒன்று: ‘ஆர்வமின்மையால் வழிகாட்டியின் பரிந்துரைப்படி நீக்கப்படுவோர்.’ இன்று மாலை மூன்று மணிக்குக் குழு கூடி அதை முடிவாக்கப் போகிறது. முடிவானால் மூன்றாண்டு உழைப்பு அவள் சான்றிதழில் ஒரு வரியாகக்கூட நிற்காது. அதை நம்பி மேற்படிப்புக்குப் போட்ட விண்ணப்பமும் சேர்ந்தே விழும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எல்லோரும் சொல்வதைத்தான். ‘விதிப்படிதானேம்மா நடக்கும். சந்திப்புக்குப் போகாமல் ஏன் இருந்தாய்?’

“சார் நாலரைக்கு வரச் சொல்லுவாங்க மேடம். நாலு அம்பதுக்கு எங்க ஊருக்குள்ள போற கடைசி பஸ். அத விட்டா ராதாபுரத்தோட நின்னுரும். அதான் காலையில எட்டரைக்கே சார் ரூம் வாசல்ல போய் நிப்பேன். ‘காலங்காத்தால வந்து நிக்காத’ன்னுட்டாங்க.”

“எத்தனை நாள் நின்றாய்?”

“பதினேழு நாளு. எழுதி வச்சிருக்கேன்.”

கூட வந்திருந்த அவள் தாய் மரியம்மாள் பிறகு கேட்டார்: “ஏ டீச்சரம்மா, எம் மவளுக்குப் படிப்பு ஏறலன்னு எழுதுங்க, கேட்டுக்கிடுதேன். ஆசை இல்லன்னு எப்பிடி எழுதுனாவ? அவ ஆசைய அவங்க எங்கன வச்சுப் பாத்தாவ?”

அவையோரே, இருபத்து நான்கு ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

ஃபெமினா தன் நோட்டைத் திறந்தாள். அவள் எடுத்த கேள்வி எளிமையானது. ‘எங்கள் ஊருக்கு வரும் முதல் பேருந்து எத்தனை நாள் நேரத்துக்கு வருகிறது, வராத நாளில் படிப்பை இழப்பது யார்?’ மூன்றாண்டாக ஒவ்வொரு காலையும் ஆறு ஐந்துக்கு நிறுத்தத்தில் நின்று குறித்திருக்கிறாள். வந்த நேரம், வராத நாள், காத்துநின்று வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் எத்தனை, அவர்களில் பெண்கள் எத்தனை என்று எல்லாம் இருக்கிறது. ஆர்வம் இல்லாதவள் செய்கிற வேலையா இது?

நோட்டைப் புரட்டியபோது ஒரு பக்கத்தில் என் கை நின்றது. டிசம்பர் பதினெட்டு. நினைவிருக்கிறதா? தாமிரபரணி தடுப்பையெல்லாம் தாண்டி, ரயில் சந்திப்பு அருகே பேருந்து நிற்கும் இடத்தில் படகு விட்ட நாள். கல்லூரி பூட்டிக் கிடந்த நாள். அன்றும் அந்தப் பெண் குடை பிடித்துக்கொண்டு நிறுத்தத்துக்குப் போயிருக்கிறாள். எழுதியிருப்பது இது: ‘எட்டு மணி வரை வண்டி வரவில்லை. இதைத் தாமதம் என்று கணக்கில் சேர்க்கக் கூடாது. வராத வண்டியை வராத வண்டி என்றே எழுத வேண்டும்.’

அலுவலகத்துக்குப் போய் வழிகாட்டிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அதிலும் டிசம்பர் பதினெட்டு இருக்கிறது. ‘காலை பதினொரு மணி. துறை அறையில் சந்திப்பு. மாணவி ஆர்வமின்றிக் காணப்பட்டார்.’

சிரிப்பு வருகிறதா? எனக்கும் முதலில் வந்தது. ஊர் மிதக்கிறது, உயிர் தவிக்கிறது, ஆறு வீட்டுக்குள் வருகிறது. நம் பதிவேட்டில் மட்டும் பதினொரு மணிக்குப் பாடம் நடக்கிறது! நாட்காட்டியை வைத்துக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒரு திங்கட்கிழமையாக, ஒரே பேனாவால், ஒரே மூச்சில் நிரப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு வெள்ளம் வந்தது என்பதுகூட எழுதிய கைக்கு நினைவில்லை.

‘எந்தத் துறை மேடம்?’ என்று பின்னாலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். துறையைச் சொன்னால் ஒருவருக்கு வெட்கம். சொல்லாவிட்டால் எல்லோருக்கும் அச்சம். அச்சமே இருக்கட்டும், தம்பி.

கைதட்ட வேண்டாம். தட்டுகிற கைகளில் பல, அதே பதிவேட்டில் கையெழுத்திட்டவை. என் கையும் அதில் ஒன்று. அந்தப் பக்கத்தின் அடியில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று இருக்கிறது. கீழே என் கையொப்பம். கல்லூரியை மதிப்பிடும் ஆய்வுக்குழு வருவதற்கு முந்தின நாள் அலுவலக உதவியாளர் முப்பிடாதி அண்ணாச்சி பன்னிரண்டு பதிவேடுகளை அடுக்கிக்கொண்டு வந்தார். “மேடம், டீம் நாளைக்கு வருது. எல்லாரும் போட்டாச்சு, ஒங்க கையெழுத்துதான் பாக்கி” என்றார். அவர் மேல் குற்றமில்லை. திறந்து பார்க்காமல் போட்டவள் நான். திறந்து பார்க்க எனக்கு எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?

அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு இத்தனை ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தது யார்? அதோ, கதவோரம் நிற்கும் கௌரவ விரிவுரையாளர் கலையரசி. மாடிப்படிக்குக் கீழே, இடைவேளை இருபது நிமிடத்தில், வாரம் தவறாமல், மூன்றாண்டு. ‘ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்டேன்.

“என்னத்தச் சொல்ல மேடம்? நான் வழிகாட்டியா? அவ கேட்டா, தெரிஞ்சதச் சொன்னேன். விதியில எங்களுக்குத்தான் இடமே இல்லியே. வெளிய தெரிஞ்சா அடுத்த வருசம் எனக்கு ஆர்டர் வராது.”

பெயரைச் சொல்லலாமா என்று இன்று காலை மறுபடி கேட்டேன். “சொல்லுங்க மேடம், வாரது வரட்டும்” என்றார். அதனால்தான் சொல்கிறேன்.

நிரந்தரப் பணியில் இருப்பவரே வழிகாட்டலாம் என்பது விதி. பணிமூப்புப்படி ஆணை என்பது விதி. விதி கேட்டது வயதை, விதி கேட்டது வரிசையை, விதி கேட்டது வகுப்புக் குறைப்பை. வந்து வாசலில் நின்றவளுக்குக் கதவைத் திறந்தது யார் என்று எந்த விதியாவது கேட்டதா? கற்பித்தவருக்குக் கதவோரம், கையெழுத்திட்டவருக்கு மேடை. உழைத்தவளுக்கு ஆர்வமில்லை என்ற பட்டம். உட்காராதவருக்குப் பதவி உயர்வு. இதற்கா திட்டம்? இதற்கா விழா? இதற்கா மாலை?

முதல்வர் ஐயா ஏதோ சொல்கிறார்கள். ‘மூணு மணிக்கு உள்ள வச்சுப் பேசிக்கிடலாம், இறங்குங்க’ என்கிறார்கள். உங்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஐயா. ஆனால் அவள் பெயரை ஊரறிய ஒட்டியது பலகையில். உள்ளே வைத்துப் பேசினால் ஒட்டியது உதிருமா?

சொல்லிவிட்டு இறங்குகிறேன். சரிபார்த்தேன் என்று நான் போட்ட கையொப்பம் பொய். அதைத் திரும்பப் பெற்றுக் கடிதம் எழுதியிருக்கிறேன். காலையிலேயே அலுவலகத்தில் கொடுத்து வரவு எண் வாங்கிவிட்டேன். தொலைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. நகல் இதோ, உங்கள் மேசையில். அந்தப் பதிவேட்டை நம்பி ஒரு மாணவியைக்கூட நீக்க முடியாது. அவளோடு சேர்த்து ஒட்டப்பட்ட ஐந்து பேருக்கும் அதுவே நியாயம். இன்று எனக்குத் தரவிருக்கும் வழிகாட்டி ஆணையை நான் வாங்கப் போவதில்லை. விதியைத் திருத்தி அதைக் கலையரசியிடம் கொடுங்கள். ஒருங்கிணைப்பாளர் பதவியும் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆணை பெறப்போகும் பேராசிரியர்களே, உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். ஆணையை வாங்கும் முன் இந்த ஒலிவாங்கியில் மூன்றே மூன்று சொல்லுங்கள். எந்தக் கிழமை? எத்தனை மணி? எந்த அறை? பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். தாய்மார்கள் கேட்டுக்கொள்ளட்டும். சொல்ல முடியாதவர்கள் ஆணையை வாங்க வேண்டாம்.

ஆணை இல்லாத நான் முதலில் சொல்கிறேன். திங்கட்கிழமை. காலை எட்டரை மணி. மேல்மாடி, பதினான்காம் எண் அறை. ஃபெமினா, நோட்டை எடுத்துக்கொண்டு வா.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் எழுந்து போனவர்களுக்கும், எனக்கு இந்த மேடையைத் தந்து இப்போது வருந்திக்கொண்டிருப்பவர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.