வெள்ளிக் கிண்ணத்தில் தெரிந்த ஆள்

ஹலோ... ஆமா மாப்ளே, மாமாதான். வேலையா இருக்கியா? ... ஓஹோ, வேலை. அந்த வேலையைப் பத்தித்தான் பேசக் கூப்பிட்டேன். வெள்ளிக்கடைக்காரர் இப்பத்தான் ஸ்டுடியோவுக்கு வந்துட்டுப் போறார்... ஆமா, ஆமா, நீ அனுப்புன படங்களோடதான். ‘உங்க மச்சினன் வீட்டிலேயே எடுத்துத் தர்றாராம், இனிமே அங்கேயே குடுத்துடட்டுமா’ன்னு என்கிட்டயே கேட்கிறார். யார் வேலைடா அது? எனக்கு மாசம் தவறாம வர்றது அது ஒண்ணுதான்.

... எதுல வச்சு எடுத்த? ... ஃபேன் வந்த அட்டைப்பெட்டி. நல்லது. பக்கவாட்டுல ஜன்னல் வெட்டி, டிரேசிங் பேப்பர் ஒட்டி... ம், ம்... ரெண்டு பக்கமும் படிக்கிற விளக்கு. உள்ள சார்ட் பேப்பரை மடிக்காம வளைச்சு விட்டிருக்க. அடேங்கப்பா. ரிப்பன் வெட்டித் திறப்புவிழா வச்சியா?

... கோபமெல்லாம் இல்லப்பா. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிச்சுன்னா புலிக்கு எதுக்குக் கோபம்? ... சரி, மோதிரம் நல்லாத்தான் இருக்கு. நிழல் மெத்துனு விழுந்திருக்கு. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கணக்கு. கொலுசைப் பாரு. ஒரு பல்பு வெள்ளை, ஒரு பல்பு மஞ்சள். பாதிக் கொலுசுக்கு மஞ்சக்காமாலை.

... இரு, நான் பேசி முடிச்சிக்கிறேன். அந்தக் கிண்ணம். பளபளன்னு இருக்கிற சாமானுக்கு எதிர்ல வெள்ளை அட்டை வச்சு, ஓட்டை போட்டு, அதுவழியா எடுக்கணும். இல்லேன்னா எடுக்கிறவன் மூஞ்சி அதுல ஒட்டிக்கும். இதோ, பெரிசு பண்ணிப் பார்க்கிறேன். உங்க வீடே தெரியுது. கட்டில், கொடியில துண்டு, ஓரமா வெளிச்சத்தைத் திருப்பிவிடத் தெர்மாகோல் பிடிச்சுக்கிட்டு ஒரு தொப்பை...

இரு. தெர்மாகோல் பிடிக்கிறது நீ.

அப்ப எடுக்கிறது யாரு? ... சிநேகிதனா? புடவை கட்டின சிநேகிதனா? ... முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டு, தலையை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு... மாப்ளே, உங்கக்கா சாயங்காலம் தையல் கிளாஸுக்கில்ல போறா? ... மென்னு முழுங்காதே. போனை அவகிட்ட குடு. ... அங்கதான் இருக்கா, இருமல் கேட்குது. குடு.

... ம், நான்தான். ... ஆமா, இங்க ஸ்டுடியோவுல எனக்குத் தெர்மாகோல் பிடிச்சே. யார் இல்லேன்னா? கல்யாணமான மறுவாரத்துலேர்ந்து பிடிச்சே. ... கேமராவைக் கையில குடுத்தா நீ கீழே போட்டுடுவேன்னு சொன்னேன்தான்... சரி, சரி, கத்தாதே, கடையில ஆள் இருக்கு. ... மோதிரமும் நீயா?

... கடைக்காரர் சரின்னுட்டாரா? நான் பதில் சொல்ற வரைக்கும் பொறுக்க மாட்டாராமா? ... மொத்த வேலையுமா?

... எடு. என்னமோ பண்ணு. பெட்டியைக் கட்டிக்கிட்டு அழு. ... அது சரி, நாளைக்கு இங்க தெர்மாகோலை யார் பிடிக்கிறது? ... ஹலோ. ... ஹலோ.